சனிக்கிழமை ஆட்டம் இல்லாத கால்பந்து அகாடமிகள்: ஏழு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள், செவ்வாய்: பாரிஸிலிருந்து ராம்பூயே

மோன்பர்னாஸ் நிலையத்தில் 'என்' வழித்தட ரயிலில் ஏறினால் ராம்பூயே வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து கிளேர்ஃபோன்தேன் கிராமம் காட்டுப் பாதையில் பத்து கிலோமீட்டர் தொலைவு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் என்பதால் டாக்ஸிக்கு முன்னாலேயே சொல்லிவைப்பது நல்லது. அங்கே இருக்கும் தேசியக் கால்பந்து மையத்துக்குள் போக முன் அனுமதி வேண்டும். கேட்டில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

பிரான்ஸ் கால்பந்துச் சங்கத்தின் தேசிய மையம் இங்கே 56 ஹெக்டேரில் இருக்கிறது. 1988 இல் திறந்தார்கள். சங்கத்தின் முன்னாள் தலைவர் ஃபெர்னான் சாஸ்த்ரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1998 உலகக் கோப்பையை வென்ற அணி தங்கித் தயாரானது இங்கேதான். அதனால் வருகிறவர்கள் பெரிய அணி தங்கும் மாளிகையைப் படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகக் கிளம்பிவிடுகிறார்கள். பயிற்சி தருகிறவர்கள் பார்க்க வேண்டிய சங்கதி வேறு: 13 வயதில் உள்ளே வந்து 15 வயதில் வெளியே போகிற பையன்களின் விடுதி, பள்ளி, மைதானம் மூன்றையும் கட்டி இழுக்கும் வாரத்து அட்டவணை.

ஐ.என்.எஃப். (தேசியக் கால்பந்து நிறுவனம்) என்று எல்லாரும் சொல்லும் இந்தக் கால்பந்துப் பள்ளி 1972 இல் விஷி நகரத்தில் தொடங்கி, பிறகு இங்கே குடிவந்தது. தியரி ஹென்றி, நிகோலா அனெல்கா, வில்லியம் கலாஸ், பிளேஸ் மத்துயிதி, கிலியன் எம்பாப்பே எல்லாரும் இங்கே படித்தவர்கள். பெயரில் 'தேசிய' இருந்தாலும் பையன்கள் எல்லாரும் பாரிஸைச் சுற்றியுள்ள இல்-து-பிரான்ஸ் வட்டாரத்துக்காரர்கள். மார்செய் பக்கத்துப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இங்கே சேர முடியாது. அவனுக்கு எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் மையம் இருக்கிறது. வடக்கே லியேவான், துலூஸ் பக்கம் கஸ்தெல்மோரு, பிரித்தானியில் புளூஃப்ரகான் என்று நாடெங்கும் ஒரு டஜனுக்கு மேல் இதே மாதிரி வட்டார மையங்கள்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வார இறுதியில் அவன் ஆடுவது தன் சொந்தக் கிளப்புக்கு. அகாடமிக்கென்று லீக்கில் அணி கிடையாது, புள்ளிப்பட்டியல் கிடையாது, கோப்பை வைக்க அலமாரியும் வேண்டியதில்லை. வட்டார அகாடமி ஒன்று தொடங்க நினைப்பவர்கள் எல்லை வகுக்கும்போது வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு ரயில் அட்டவணையை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் வீடு வராத பையனுக்குக் கிளப் அறுந்துபோகும், அவனுடைய வார இறுதியையும் அகாடமியே நடத்த வேண்டி வரும். அதற்கு ஓர் அணி வேண்டும். அணி வந்தால் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றால் பெரிய பையனைத்தான் எடுப்பார்கள். சறுக்கல் அங்கிருந்துதான் ஆரம்பம்.

இங்கிருந்து பெல்ஜியம், அப்புறம் ஜெர்மனி. ஏன் இந்த மூன்று? 2000 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கோப்பையை பிரான்ஸ் வென்றது. போட்டியை நடத்திய இரண்டு நாடுகளில் ஒன்றான பெல்ஜியம் முதல் சுற்றிலேயே வெளியே போனது. ஜெர்மனி ஒரே ஒரு டிராவோடு மூட்டை கட்டியது. அடி வாங்கிய இருவரும் ஆளுக்கொரு வழியில் வட்டார வேலையை ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் நாள், புதன்: யாரை எடுப்பது

புதன்கிழமை பிரான்ஸ் பள்ளிகளில் பெரும்பாலும் அரை நாள்தான். பிற்பகலில் ஊர்க் கிளப் மைதானங்கள் எல்லாம் பிள்ளைகளால் நிரம்பிவிடும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்கள் ஆடும் எந்த மைதான ஓரத்திலும் பத்து நிமிடம் நின்றால் போதும், தேர்வின் சிக்கல் முழுவதும் கண்ணில் படும். மீசை அரும்பியவனும் பால் முகம் மாறாதவனும் ஒரே அணியில் ஆடுவார்கள். பிறந்த ஆண்டு ஒன்று. உடம்பின் வயதில் நாலு வருஷ வித்தியாசம்கூட இருக்கலாம்.

இல்-து-பிரான்ஸில் ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் பெரும் கூட்டம் முட்டிமோதி, பல சுற்றுகளில் சலிக்கப்பட்டு, கடைசியில் இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு இடம் கிடைக்கிறது. வடிகட்டி அவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது ஓட்டை எங்கே என்று பார்த்தாக வேண்டும்.

முதல் ஓட்டை பிறந்த மாதம். வயதுப் பிரிவு ஜனவரி 1 இல் தொடங்குகிறது. ஜனவரிப் பையனுக்கும் டிசம்பர் பையனுக்கும் ஏறக்குறைய ஒரு வருஷ இடைவெளி. 13 வயதில் அது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பிய இளையோர் தேசிய அணிகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் நான்கில் ஒரு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் பத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள், கடைசி மூன்று மாதத்துக்காரர்கள் ஒன்றிரண்டு பேர்தான். எம்பாப்பே பிறந்தது 1998 டிசம்பர் 20. அவர் வேகத்துக்கு எந்த வடிகட்டியும் தடையாக இருந்திருக்காது என்பது வேறு கதை. அந்த வேகம் இல்லாத டிசம்பர் பையன்களைப் பற்றித்தான் கவலை.

இதற்குச் செலவே இல்லாத ஒரு வைத்தியம் உண்டு. தேர்வு நாளில் ஜெர்சி எண்ணைப் பிறந்த தேதி வரிசையில் கொடுங்கள். 1 மூத்தவன், கடைசி எண் இளையவன். பார்க்கிறவர் ஒவ்வொரு முறை எண்ணைக் குறிக்கும்போதும் வயதும் சேர்ந்து கண்ணில் படும். பிறந்த தேதிப் பட்டியலைத் தனியாகக் கையில் கொடுத்தால் ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. முதுகில் எழுதியிருந்தால் தப்ப முடியாது.

ஆட்டத்தை அமைப்பதிலும் நுட்பம் இருக்கிறது. 48 பையன்களை வைத்து 11 பேர் ஆட்டம் நடத்துவது வீண். நல்ல சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரன்) ஒருவனுக்கு அரை மணி நேரம் பந்தே வராமல் போகும். மாறாக, 30க்கு 20 மீட்டரில் ஆறு சின்ன மைதானம் போட்டு, நாலுக்கு நாலு, கோல்கீப்பர் இல்லாமல், எட்டு நிமிடம் ஆடவிடலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அணியைக் கலைத்துவிட வேண்டும். ஆறு சுற்றில் ஒரு பையனுக்கு 18 கூட்டாளிகள், 24 எதிராளிகள் வரை கிடைப்பார்கள். அவனுடைய அணியின் கோல் வித்தியாசத்தை அவன் கணக்கில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

அந்த மதிப்பெண்ணை வைத்து நேராக ஆளைத் தேர்ந்தெடுக்கப் போனால் கெட்டது. ஆறே ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். அதன் பயன் வேறு. பார்வையாளர் ஒருவர்கூடக் குறிக்காத பையன் மதிப்பெண்ணில் மேலே வந்திருந்தால், அவன் ஆடிய எல்லா அணியும் ஏனோ நன்றாக ஆடியிருக்கிறது என்று பொருள். அவனை இன்னொரு நாள் கூப்பிட்டு அவனை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இவன் பந்தில்லாத நேரத்தில் சரியான இடத்தில் நிற்கிற சின்னப் பையனாக இருப்பான்.

இன்னொன்று: 60 மீட்டர் வெற்று இடம் கிடைக்கிற மைதானத்தில் தேர்வு வைத்தால் சீக்கிரம் வளர்ந்தவன் பந்தைத் தட்டிவிட்டு ஓடிப்போய்விடுவான். கைதட்டல் அவனுக்குத்தான். இரண்டு வருஷம் கழித்து மற்றவர்களும் வளர்ந்தபின் அவனிடம் வேறு ஒன்றுமே இருக்காது. தவறு அவனுடையது இல்லை, மைதானத்தின் நீளத்தைத் தீர்மானித்தவருடையது.

மூன்றாம் நாள், வியாழன்: பன்னிரண்டு மீட்டர் சதுரம்

பையன்கள் காலையில் ராம்பூயே நகரத்துப் பள்ளிக்குப் போய்ப் பிற்பகலில் திரும்புகிறார்கள். அதன்பின் பயிற்சி, பிறகு படிப்பு, சாப்பாடு, தூக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை இதுதான் சக்கரம். இந்த வயதுக்கு இங்கே முதலிடம் பந்துடன் கால் பழகுவதற்கே. தசை வளர்க்கும் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது பழைய கொள்கை. நல்ல கொள்கை.

இந்த மாதிரி மையங்கள் எல்லாவற்றிலும் நடக்கும் ஒரு பயிற்சியை மட்டும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். 12 மீட்டர் சதுரம், நாலு மூலையில் கோன், ஆறு பையன்கள், ஒரு பந்து. முதல் மூலையிலும் மூன்றாம் மூலையிலும் இரண்டு பேர், மற்ற இரண்டில் ஒருவர். பந்தை அடுத்த மூலைக்குக் கொடுத்துவிட்டு அதன் பின்னாலேயே ஓட வேண்டும். வாங்குகிறவன் பந்து வரும் பக்கத்துக்கு எட்ட உள்ள காலால் வாங்கி, அதே அசைவில் அடுத்த பக்கம் திரும்பி, இரண்டாவது தொடுகையில் பாஸ் கொடுக்க வேண்டும். பார்க்க எளிது. கெட்டுப்போகும் இடங்கள் நாலைந்து.

வாங்குகிறவன் கோன் மேலேயே நிற்பான். அப்படி நின்றால் திரும்ப இடமில்லை. கோனை எதிராளியாக நினைத்து, அதன் பின்பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, பந்து காலைவிட்டுக் கிளம்பும் நொடியில் உள்ளே வர வேண்டும். அடுத்தது, நெஞ்சு முழுவதும் பந்தைப் பார்த்தபடி நிற்பது. அப்படி நிற்பவன் எட்டக் காலால் வாங்கவே முடியாது. பந்து இரண்டு காலுக்கும் நடுவில் சிக்கி, மூன்றாவது தொடுகை தேவைப்படும். இடுப்பைப் பாதி திறந்து நிற்கச் சொன்னால் பையன்கள் தோளை மட்டும் திருப்புவார்கள். பின்னங்காலின் பாதம் எங்கே நோக்குகிறது என்று பாருங்கள், பாதம் திரும்பினால் இடுப்பு தானே வரும்.

மூன்றாவது கோளாறு கொடுக்கிறவனிடம். கிட்டக் காலுக்குப் பந்தைக் கொடுத்தால் வாங்குகிறவன் எவ்வளவு நன்றாக நின்றாலும் மூடிக்கொள்வான். கோச் பெரும்பாலும் வாங்குகிறவனைத்தான் திட்டுவார். ஒரு காலடி இடதுபுறம் தவறிய பாஸ் யார் கண்ணிலும் படாது. பயிற்சியைக் கெடுப்பது அதுதான்.

நாலாவது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. கோன் எங்கேயும் ஓடிவிடாது என்று பையனுக்குத் தெரியும். தலையைத் திருப்பு என்று கத்தினால் சும்மா ஆட்டுவான். அடுத்த மூலையில் நிற்பவன் பந்து வந்துகொண்டிருக்கும்போது கையில் ஒன்று அல்லது இரண்டு விரலைக் காட்டட்டும். ஒன்று என்றால் நேரே பாஸ், இரண்டு என்றால் வந்த இடத்துக்கே திருப்பு. இப்போது பார்க்காமல் ஆட முடியாது.

எட்டு நிமிடம் வலஞ்சுழியாக, நாலு நிமிடம் இடஞ்சுழியாக. வலது கால் பையன்களுக்கு இடது பக்கம் இரட்டை வேளை. இரண்டும் சமம் என்று வைத்தால் இடைவெளி அப்படியே இருக்கும். பாஸ்களை எண்ணிப் போட்டி வைக்காதீர்கள். எண்ணத் தொடங்கியதும் எல்லாரும் கிட்டக் காலால் தட்டிவிட ஆரம்பித்துவிடுவார்கள்.

புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்து நீண்ட புல்லில் 12 மீட்டர் பாஸ் பாதி வழியில் செத்துவிடும். பையன் அதைச் சரிக்கட்ட உள்பாதத்தை விட்டுவிட்டு மேல்பாதத்தால் அடிப்பான், பந்து குதிக்கும், வாங்குவது கெடும். மூன்று சென்டிமீட்டருக்குள் வெட்டி, பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் தெளித்தால் பாதிக் குறை தானே போய்விடும். பந்தின் காற்றையும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று விட்டுவிடக் கூடாது. விதி அனுமதிப்பது 0.6 முதல் 1.1 பார் அழுத்தம் வரை. ஒரே பையில் 0.5 இல் ஒன்றும் 1.0 இல் ஒன்றுமாக இருந்தால் முதல் தொடுகை எப்படிப் பழகும்?

கோல் அடிக்கும் பயிற்சியில் நேரம் எங்கே கரைகிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். 16 பேர் ஒரே வரிசை, ஓர் அடிக்கு 15 விநாடி. ஒரு பையனுக்கு நாலு நிமிடத்துக்கு ஒரு முறை; இருபது நிமிடத்தில் ஐந்து அடி. நாலு வரிசையாகப் பிரித்தால் இருபது அடி. கோல் நாலு வேண்டாமா என்பார்கள். இரண்டு கோன் நட்டாலும் கோல்தான்.

நாலாம் நாள், வெள்ளி: உயரக் கோலும் பணப்பையின் எடையும்

வெள்ளிக்கிழமை விடுதி காலியாகிறது. அகாடமியில் வாரம் முழுதும் ஆடியவன் சனியோ ஞாயிறோ கிளப்புக்கு ஆடுவான். எம்பாப்பே இங்கே படித்த காலத்திலும் பதிவு பாரிஸ் புறநகரான போந்தி ஊர்க் கிளப்பில்தான் இருந்தது. இரண்டு இடத்து கோச்சும் பேசிக்கொள்ளவில்லை என்றால் மாட்டிக்கொள்வது பையனின் முழங்கால்.

ஆண் பிள்ளைகளுக்கு உயரம் விறுவிறுவென ஏறும் உச்சம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது, பெண் பிள்ளைகளுக்கு 12 ஐ ஒட்டி. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். எலும்பு முந்திக்கொள்ளும், தசைநார் பின்தங்கும், ஓட்டத்தில் ஒரு தடுமாற்றம் வரும். குதிகால் வலி கொஞ்சம் முன்னால், முழங்காலுக்குக் கீழே முட்டு வலி கொஞ்சம் பின்னால். போன மாதம் அழகாகப் பந்து வாங்கியவன் இந்த மாதம் தடுக்கி விழுவதைச் சோம்பல் என்று எழுதிவைக்கும் கோச்சுகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

அளப்பதற்கு ஒரு முறை வேண்டும். காலையில், ஷூ கழற்றி, ஒரே ஆள், ஒரே கோல், இரண்டு முறை. இரண்டும் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் மூன்றாவது முறை. சாயங்காலத்துக்குள் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும். உச்சத்தில்கூட ஒரு மாதத்து வளர்ச்சி அவ்வளவுதான். ஆக, போன மாதம் காலையிலும் இந்த மாதம் மாலையிலும் அளந்தால் வளர்ச்சியே தெரியாது. மாதாமாதம் அளந்து பதறுவதைவிட மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து நாலால் பெருக்குவது மேல். மூன்று மாதத்தில் 2.5 சென்டிமீட்டர் என்றால் ஆண்டுக்குப் பத்து. அந்தப் பையனின் குதிப்பு, முழு வேக ஓட்டம், திடீர் நிறுத்தம் மூன்றையும் குறைத்து அந்த நேரத்தைப் பந்து வேலைக்குக் கொடுங்கள்.

பெற்றோர் உயரம், பையனின் இப்போதைய உயரம், எடை, வயது இவற்றை வைத்து வளர்ந்தபின் எவ்வளவு இருப்பான் என்று கணிக்கும் காமிஸ்-ரோச் முறை 1994 இலிருந்து புழக்கத்தில் உண்டு. கணிப்பு 180, இப்போது 153 என்றால் 85 சதவீதம் வளர்ந்திருக்கிறான். பக்கத்தில் நிற்பவனுக்குக் கணிப்பு 174, இப்போது 165. ஏறக்குறைய 95 சதவீதம். இன்று 12 சென்டிமீட்டர் குள்ளமானவன் நாளைக்கு 6 சென்டிமீட்டர் உயரமானவன். பெற்றோரிடம் உயரத்தை வாயால் கேட்டால் ஆளுக்கு ஓரிரண்டு சென்டிமீட்டர் கூட்டித்தான் சொல்வார்கள். சுவரில் நிற்கவைத்து அளந்துவிடுவது உத்தமம்.

பணக் கணக்கு ஒன்று. சங்கம் நடத்தும் வட்டார மையம் பையனைப் பதிவு செய்வதில்லை என்பதால், பின்னாளில் அவன் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலைபோனால் ஃபிஃபா விதிப்படி வரும் பங்கு அவனைப் பதிவில் வைத்திருந்த கிளப்புக்குப் போகும். மாற்றுத் தொகையில் 5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. அதில் 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு இருபதில் ஒரு பங்கு, 16 முதல் 23 வரை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு. ஒரு கோடி யூரோ மாற்றம் என்றால், 14 வயதில் ஓராண்டு வைத்திருந்த சின்னக் கிளப்புக்கு 25,000 யூரோ. பதிவுப் புத்தகத்தில் சேர்ந்த தேதி, விட்ட தேதி ஒழுங்காக இல்லாததால் இந்தப் பணம் வாங்க முடியாமல் போகும் கிளப்புகள் நிறைய. அகாடமிக்குப் பையனைக் கொடுக்கத் தயங்கும் கிளப் தலைவரிடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பாதித் தயக்கம் போய்விடும்.

மாலை ரயிலில் பிரஸ்ஸல்ஸ். ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது.

ஐந்தாம் நாள், சனி: பெல்ஜியம்

பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே டூபீஸ் என்ற சிற்றூர், உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. தேசிய மையம் அங்கேதான். ஆனால் சனிக்கிழமை காலை அங்கே போகாமல் வழியில் ஏதாவது ஒரு கிளப் மைதானத்தில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம். பெல்ஜியத்தின் மாற்றம் தெரிவது அங்கே.

2000 தோல்விக்குப் பிறகு தொழில்நுட்ப இயக்குநர் மிஷெல் சப்லோன் தலைமையில் உட்கார்ந்து யோசித்தவர்கள், லூவன் பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட இளையோர் ஆட்டங்களைப் படம்பிடிக்க வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் பெரிய மைதானத்தில் பந்தைத் தொடுவதே அபூர்வம் என்பது எண்ணிக்கையாகத் தெரிந்தது. ஜெயிப்பதிலேயே எல்லாருக்கும் குறி என்பதும் தெரிந்தது. விளைவு: சிறியவர்களுக்கு இருவருக்கு இருவர், பிறகு ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு, கடைசியில்தான் பதினொன்று. ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளுக்குப் புள்ளிப்பட்டியலை எடுத்தே விட்டார்கள்.

ஐந்து பேர் ஆட்டத்தில் கோல்கீப்பரை விட்டால் நாலு பேர் வைர வடிவில் நிற்கிறார்கள். எட்டு பேர் ஆட்டத்தில் அதே வைரம் இரண்டாகிறது, நடுவில் ஒருவன் இரண்டுக்கும் பொது. பதினொன்றுக்கு வந்தால் 4-3-3: தடுப்பில் நாலு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று. பையன் மாற்றிக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை; மேலும் கீழும் இடமும் வலமும் ஒரு துணை இருக்கும் என்ற பழக்கம் ஆறு வயதிலிருந்தே கால்களில் ஊறிவிடுகிறது. ஒருவருக்குக் கிடைக்கும் பரப்பையும் கணக்கிட்டுப் பாருங்கள். 105க்கு 68 மைதானத்தில் 22 பேர் என்றால் ஆளுக்கு 324 சதுர மீட்டர். 35க்கு 25 இல் பத்துப் பேர் என்றால் 87. முன்னதில் எட்டு வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். பின்னதில் ஆடிக்கொண்டிருக்கும்.

வட்டார அளவில் செய்த வேலை டாப்ஸ்போர்ட் பள்ளிகள். 1998 க்கும் 2002 க்கும் நடுவில் எட்டுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, 14 முதல் 18 வயது வரையிலான நல்ல ஆட்டக்காரர்களுக்கு வாரத்தில் நாலு காலை, தலா இரண்டு மணி நேரம் கூடுதல் பயிற்சி. மாலையில் அவரவர் கிளப். கெவின் டி புருய்னும் திபோ குர்துவாவும் இந்த வழியில் வந்தவர்கள். அணியைத் தொடாமல் நேரத்தை மட்டும் கூட்டினார்கள் என்பதுதான் இதில் அழகு. கிளப்புகள் முதலில் முறைத்தன, பிறகு வழிக்கு வந்தன.

அதைவிடத் துணிச்சலான வேலை 'ஃப்யூச்சர்ஸ்' அணி. 15 வயதிலிருந்து தேசிய அணிக்குப் பக்கத்திலேயே, உடம்பு தாமதமாக வளரும் பையன்களுக்கென்று இன்னோர் அணி. அதே சீருடை, அதே கோச்சிங், சர்வதேச ஆட்டங்கள். இப்போது தோற்றாலும் பரவாயில்லை, 19 வயதில் எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. இங்கே எச்சரிக்கை ஒன்று: குள்ளமாக இருப்பதெல்லாம் தாமத வளர்ச்சி அல்ல. 13 வயதிலேயே தன் முழு உயரத்தில் 95 சதவீதத்தைத் தொட்டுவிட்ட குள்ளப் பையனும் உண்டு. நேற்றைய அளவுக்கோல் இல்லாமல் ஃப்யூச்சர்ஸ் மாதிரி ஒன்றைத் தொடங்கினால் அது சின்னப் பையன்களின் அணியாக முடியும்.

2015 நவம்பரில் ஃபிஃபா தரவரிசையில் பெல்ஜியம் முதலிடம். 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். மொத்த மக்கள்தொகை இல்-து-பிரான்ஸைவிடக் குறைவு.

ஆறாம் நாள், ஞாயிறு: ரயிலில்

பிரஸ்ஸல்ஸ், லியேஜ், ஆகன், கொலோன், ஃபிராங்க்ஃபர்ட். மூன்று மணி நேரத்துச் சொச்சம். வண்டியில் செய்ய உருப்படியான வேலை, மணிக்கணக்கைக் கூட்டுவது. டாப்ஸ்போர்ட் பையனுக்குக் காலைப் பயிற்சி வாரத்துக்கு 8 மணி நேரம், கிளப்பில் மூன்று மாலை ஒன்றரை மணி வீதம் 4.5, ஆட்டம் 1.5. மொத்தம் 14. வாரத்தில் ஒழுங்கமைத்த விளையாட்டு நேரம் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் தோராய விதிக்கு 14 வயதுப் பையன் விளிம்பில் நிற்கிறான். இதோடு பள்ளி அணி, ஞாயிறு டோர்னமெண்ட் என்று யாராவது சேர்த்தால் தாண்டிவிடும். சேர்ப்பவர் பெரும்பாலும் அப்பாதான்.

ஏழாம் நாள், திங்கள்: ஃபிராங்க்ஃபர்ட்

நீடராடில் பழைய குதிரைப் பந்தயத் திடலில் 2022 இல் திறந்த ஜெர்மன் சங்கத்தின் வளாகம் பளபளப்பாக இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கண்ணாடியும் கான்கிரீட்டும் எங்கேயும் கிடைக்கும். ஜெர்மனியின் நிஜமான கட்டுமானம் திங்கள்கிழமை மாலையில் சாதாரண ஊர் மைதானங்களில் நடப்பது.

2002 இல் தொடங்கிய திட்டம் இது. நாடு முழுக்க 350க்கு மேற்பட்ட தளங்களை விரித்தார்கள். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள், வாரத்தில் ஒரு மாலை மட்டும், கிளப்பை விட்டு விலகாமல் கூடுதல் பயிற்சி. விடுதி இல்லை, பேருந்து இல்லை. எந்தக் குக்கிராமத்துப் பிள்ளையையும் யாராவது ஒரு தகுதி பெற்ற கோச் பார்த்துவிட வேண்டும் என்பதே நோக்கம். பெரிய கிளப்புகளுக்குத் தனியாக இளையோர் மையம் கட்டாயமாக்கப்பட்டது. கிளேர்ஃபோன்தேன் ஆழமான கிணறு என்றால் இது பரவலாகத் தோண்டிய குளங்கள். எது மேல் என்று வாதாடுபவர்கள் நாட்டின் அளவை மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை சோதனை வைக்கிறார்கள்: 20 மீட்டர் ஓட்டம், வளைந்து ஓடுவது, அதே பாதையில் பந்துடன், சுவர்ப் பலகையில் அடித்து வாங்குவது, கோல் அடிப்பது, ஜக்கிளிங் (பந்தைத் தரையில் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பது). இதை எங்கேயும் நடத்தலாம், ஆனால் எண்கள் பொய் சொல்லும் இடங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஸ்டாப்வாட்சைக் கையால் அமுக்கினால், ஒளிக்கற்றையை ஆள் கடக்கும்போது தானே நேரம் குறிக்கும் ஒளிக் கதவைவிட 0.2 விநாடி வரை குறைவாகக் காட்டும். 20 மீட்டர் ஓட்டத்தில் 0.2 விநாடி என்பது நல்லவனுக்கும் சுமாரானவனுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு பருவத்தில் கையால், அடுத்ததில் கருவியால் அளந்தால் எல்லாரும் மெதுவாகிவிட்டதாகத் தெரியும். தொடக்கக் கோட்டை ஒளிக் கதவுக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் போட்டீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஈரப் புல்லில் வளைந்து ஓடும் சோதனை வேண்டாம்.

வளைந்து ஓடும் பாதை இரண்டில் ஒரு ரகசியம் இருக்கிறது. பந்தில்லாமல் 8.0 விநாடி, பந்துடன் 10.6 என்றால் பந்து அவனிடம் வாங்கும் வரி 2.6 விநாடி. இன்னொருவன் 8.8, 10.8, வரி இரண்டே விநாடி. மொத்த நேரத்தில் முதல்வன் முந்துகிறான், பந்து பழகியவன் இரண்டாமவன். அவன் இன்னும் வளரவில்லை என்றால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் சோதனைத் தாளில் பெயருக்குப் பக்கத்திலேயே பிறந்த தேதி, உயரம், வளர்ச்சி சதவீதம் மூன்று கட்டமும் இருக்க வேண்டும். தனித்தாளில் எழுதினால் அது பீரோவுக்குள் போய்விடும்.

2024-25 பருவத்திலிருந்து ஜெர்மனியும் சின்னப் பிள்ளைகளுக்குச் சின்ன ஆட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டது: இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர், நாலு குட்டிக் கோல், பல மைதானம் பக்கத்தில் பக்கத்தில். ஜெயித்தவர்கள் ஒரு மைதானம் மேலே, தோற்றவர்கள் ஒன்று கீழே, அதனால் மூன்றாவது ஆட்டத்துக்குள் சமமானவர்கள் சந்தித்துவிடுகிறார்கள். உலகக் கோப்பை நாலு வைத்திருக்கும் நாட்டுக்கு இது தேவையா என்று அங்கேயும் பெரிய கூச்சல் நடந்தது.

மாலைப் பயிற்சி முடிந்ததும் செய்ய வேண்டிய கடைசி வேலை பலரும் விட்டுவிடுவது: பையனின் கிளப் கோச்சுக்குச் செய்தி. மூன்று வரி போதும். இன்று என்ன செய்தான், எவ்வளவு நேரம், எதைப் பார்க்க வேண்டும். 'திங்கள், 90 நிமிடம், பாதி நேரம் நாலுக்கு நாலு. வலது குதிகாலைப் பிடித்துக்கொண்டான், மூன்று மாதத்தில் 2.6 செ.மீ. வளர்ந்திருக்கிறான். செவ்வாய் உங்கள் பயிற்சியில் பந்தோடு எதுவும் செய்யலாம், முழு வேக ஓட்டமும் குதிப்பும் வேண்டாம்.' பையன் ஷூவைக் கழற்றி முடிப்பதற்குள் இதை அனுப்பிவிடலாம்.